நான் கை தூக்கவில்லை, முக்காடு போட்டேன்

ஆலிஸ் நகரத்து எல்லையில் பெரியப்பா மகன் வீட்டு வாசலில் படுத்து, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும் என் செல்வ மகன் பேட்டரிக்கு, நம் ஊர் வர்லுக்காவிலிருந்து உன் தாய் நுங்கராயி ஆசி கூறி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். கழிவறை நலமில்லை. அங்கே உன் நலமும், உன் அக்கா டெல்மாவின் நலமும், பெயர் சொல்லக்கூடாத இன்னொருவரின் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன். உன் முதுகுச் சொறி ஆறியதா?

டெல்மா, நீ இதை நாய்க்குத்தான் வாசிக்கிறாய் என்பதை மறந்துவிடாதே. உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரட்டும். காதில் விழுந்தால் அது அவர் காது, அவர் பாடு. மருமகனிடம் பேசுவதோ, முகம் பார்ப்பதோ, பெயர் சொல்வதோ நம்மிடம் கிடையாது. உன் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அந்த முறையில் இம்மியும் பிசகியதில்லை. ஆனால் பேட்டரியிடம் பேசக்கூடாது என்று எந்த முறையும் சொல்லவில்லை. செத்துப்போன காரின் பேட்டரிப் பெட்டிக்குள் கிடந்தவனை நான்தான் எடுத்துப் பால்பவுடர் கரைத்து ஊற்றி வளர்த்தேன். ஆகவே அவன் எனக்கு மகன், உனக்குத் தம்பி, அவருக்கு மச்சான். மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் சேதி கொண்டுபோக மச்சானைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

உன் சித்தி மேவிஸுக்கு இதில் சம்மதமில்லை. "நாய்க்குக் கடுதாசி எழுதினா ஊரே சிரிக்கும்டி"ன்னு சொன்னாள். "மருமகனுக்கு எழுதினா ஊரே காறித் துப்பும். சிரிச்சிட்டுப் போகட்டும்"னு சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

மகனே, கழிவறையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் ஆரம்பித்தது. போன மழைக்கு முன்பே அது அடைத்துக்கொண்டது. வீட்டில் நாங்கள் பதினொரு பேர். குழாய்க்காரன் ஆலிஸிலிருந்து ஒரு முறை வந்தான், எட்டிப் பார்த்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான், கொண்டு வந்த பீங்கான் கோப்பை வேறு வீட்டுக்கானது என்று சொல்லி அதை முற்றத்திலேயே போட்டுவிட்டுப் போனான். இப்போது உன் அக்கா பிள்ளைகள் அதில் உட்கார்ந்து டொயோட்டா கார் ஓட்டி விளையாடுகிறார்கள். நாங்கள் காலையும் மாலையும் பள்ளிக்கூடக் கழிவறைக்கு வரிசை கட்டுகிறோம், பள்ளி விடுமுறை என்றால் புதருக்குப் போகிறோம். புதரில் பாம்பு இருக்கிறது. மேவிஸ் ஒரு நாள் பாதியில் எழுந்து ஓடி வந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை, அவளும் கடிதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படி இருக்கும்போதுதான் வீடு கட்டித் தருகிற அரசாங்க ஆபீஸிலிருந்து டாரில் வந்தான். சின்னப் பையன், தோள் இரண்டும் வெயிலில் வெந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் நாம் ஓர் உறவுமுறை வைத்துக் கொடுப்போமே, இவனுக்கு மேவிஸ் எனக்கு மகன் முறை வைத்தாள். "மருமகன் முறை வச்சா திட்ட முடியாது. மகன்னா வாய் வலிக்கிறவரைக்கும் திட்டலாம்"னு அவள் கணக்கு. ஆகவே, பேட்டரி, டாரில் உனக்குத் தம்பி. வீட்டில் நீதான் மூத்தவன். ஆலிஸ் பக்கம் அவன் வந்தால் கடித்துவிடாதே.

உன் தம்பி காரின் முன்பக்கத்தில் பெரிய வரைபடத்தை விரித்து வைத்து விளக்கினான். சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்களாம். முன்பு எங்கோ உட்கார்ந்திருக்கிறவர்கள் முடிவெடுத்தார்களாம், இனி ஊர்க் குழுவே ஊரை நடத்துமாம். அதற்கு ஊர் நிற்கிற மண்ணை நாற்பது வருஷத்துக்குக் குத்தகை எழுதித் தர வேண்டுமாம். எழுதித் தந்தால் வீடு கட்டுவார்கள், கழிவறை சரிசெய்வார்கள்.

"நிலம் உங்களோடதுதான் அம்மா. அது எப்பவும் உங்களோடதுதான். வெறும் குத்தகை"ன்னான்.

"ஏண்டா மகனே, உன் அம்மா வீடு எங்கே?"

"அடிலெய்டுல."

"அங்க கக்கூஸ் அடைச்சுக்கிட்டா உங்கம்மா நாப்பது வருஷத்துக்கு மண்ணை எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லம்மா. அங்க... போன் பண்ணுவாங்க."

"அப்ப எனக்கும் அந்த நம்பரைக் குடு."

பாவம், முகம் தோளைவிடச் சிவந்துவிட்டது. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் சொல்வதை அவனே நம்புகிறான், அதுதான் கஷ்டம். அப்புறம் அவன் சட்டைப் பையிலிருந்து எடுப்பதுபோலக் கடைசியாக ஒரு சேதியை எடுத்து வைத்தான். குத்தகை வந்தால் கிளினிக் பின்னால் ஒரு சின்னக் கட்டடம் வருமாம், அதில் ரத்தம் கழுவுகிற மெஷினும் இரண்டு நாற்காலியும் வைப்பார்களாம். அதற்காக ஆலிஸுக்குப் போனவர்கள் ஊருக்குத் திரும்பலாமாம். அதைக் கேட்டதும் நான் டீயைக் கீழே வைத்தேன், உன் மச்சானும் அந்த மெஷினுக்காகத்தானே ஆலிஸில் கிடக்கிறார். மேவிஸ்தான் கேட்டாள். "அதைக் கட்ட எதுக்குக் குத்தகை?"

"அடுத்தவங்க மண்ணுல அரசாங்கம் கட்டடம் கட்டாதாம், சித்தி."

"போலீஸ் ஸ்டேஷன் கட்டினப்ப யார் மண்ணு அது? ஜெயில் வண்டி நிக்கறதுக்கு சிமெண்டு போட்டாங்களே, அது யார் மண்ணு?"

"சரி, கட்ட எவ்வளவு நாளாகும்?"னு நான் கேட்டேன். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்றான். சிறுநீரகத்துக்கு அது தெரியுமா என்று கேட்டேன். அவன் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தான். மடிக்கத் தெரியவில்லை, நானும் மேவிஸும் பிடித்து மடித்துக் கொடுத்தோம்.

இனி உன் மச்சான் விஷயம். ஊர் நிற்கிற இந்த மண் அவருடைய அப்பா வழி மண். கடைக்குப் பின்னால் இருக்கிற நீர்க்குழி, விளையாட்டு மைதானத்தின் ஓரத்துப் பாறை எல்லாவற்றுக்காகவும் பேசும் உரிமை அவருக்குத்தான். அந்த வழியில் மிஞ்சியிருக்கிற பெரிய ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். நான் கல்யாணமாகி வந்தவள், எனக்கு அதில் வாய் கிடையாது. டாரிலுக்கு இதுவும் தெரியும், அவர் ஆலிஸில் மெஷினில் கட்டிப்போடப்பட்டிருப்பதும் தெரியும். ஆகவே ஒரு நாள் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, "ஒரு போன் போட்டா முடிஞ்சுதும்மா"ன்னு சொல்லி, போனை மேஜைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எதையோ அழுத்திவிட்டான்.

"ஹலோ, யாரு?" என்று உன் மச்சான் குரல் என் மாவுக்கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

மகனே, நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். மாவுக் கையால் காதைப் பொத்திக்கொண்டேன். மேவிஸ் ஜன்னல் வழியாக வெளியே குதித்தாள், குதித்தவள் பாதியில் மாட்டிக்கொண்டாள், அங்கேயே அலறினாள். அவள் அலறல் ஆலிஸ்வரைக்கும் போயிருக்கும், போன் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பக்கம் அவருக்கு விஷயம் புரிந்து பட்டென்று வைத்துவிட்டார், அவர் முறை தெரிந்தவர். டாரில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, "லைன் கட்டாயிடுச்சும்மா. நீங்க ஏதாவது தேடறீங்களா?"ன்னு கேட்டான்.

இதிலிருந்து அவன் பாடம் கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். கற்றுக்கொண்டது வேறு பாடம். போனில் முகம் தெரியாததால்தான் கஷ்டம் என்று முடிவு செய்திருக்கிறான்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டான். எல்லாரும் போனோம், ரொட்டியில் இறைச்சி வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். என் அக்கா தங்கைகள், அந்த முறையில் வருகிறவர்கள் எல்லாரும் உன் மச்சானுக்கு மாமியார்கள்தான், பெண்கள் பக்கத்தில் பாதிக்குமேல் நாங்களே. டாரில் எழுந்து நின்று குத்தகை நல்லது என்று அரை மணி நேரம் பேசினான். பிறகு, "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க. இதோ, இந்த மண்ணுக்குச் சொந்தக்காரரும் ஆலிஸ்லேருந்து நம்மளோட இருக்காரு"ன்னு சொல்லிக்கொண்டே பின்னால் இருந்த வெள்ளைத் திரையில் வீடியோ போனைப் போட்டுவிட்டான்.

திரை முழுக்க உன் மச்சான் முகம். தண்ணீர்த் தொட்டி அளவுக்கு முகம். மூக்கு மட்டுமே ஒரு கதவளவு இருந்ததாக அப்புறம் ஆண்கள் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. போர்வை கொண்டு வந்தவர்கள் இரண்டு கையாலும் போர்வையைத் தலைக்குமேல் தூக்கி முக்காடு போட்டார்கள். போர்வை இல்லாதவர்கள் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார்கள். நான் பாவாடையைத் தூக்கப் பார்த்து, சபை நினைவு வந்து, கையைத் தூக்கிக்கொண்டேன். மேவிஸ் ரொட்டித் தட்டைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள், அன்று எங்கள் வரிசைக்கு இறைச்சி இல்லாமல் போனது அதனால்தான்.

"இருபத்து மூணு!" என்று டாரில் எண்ணி முடித்துவிட்டான். அவன் குரல் தழுதழுத்ததாம். தட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறான்.

"எதிர்க்கறவங்க?" என்று அவன் கேட்டபோது நாங்கள் தவழ்ந்து கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தோம். தவழ்கிறவர்கள் எந்தக் கையைத் தூக்குவது? அந்தப் பக்கம் அவருக்கும் எங்கள் கூட்டம் தெரிந்திருக்கிறது, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். அப்புறம் திரையில் பின்மண்டையும் கிழிந்த காலரும்தான் தெரிந்ததாம். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா சார்?" என்று டாரில் அந்தப் பின்மண்டையைக் கேட்டான். மாமியார்கள் காதில் விழுகிற இடத்தில் அவர் எப்படி வாய் திறப்பார்? "ஆட்சேபணை இல்லை"ன்னு இவன் எழுதிக்கொண்டான். ஊர் சம்மதித்துவிட்டது. மண் போய்விட்டது. மிச்சமிருந்த ரொட்டியை நாய்களுக்குப் போட்டார்கள், நீ இருந்திருந்தால் உனக்கும் கிடைத்திருக்கும்.

மறுநாள் டாரில் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன்.

"டேய், நாங்க கை தூக்கல. முக்காடு போட்டோம்."

"அம்மா, நான் கண்ணால பார்த்து எண்ணினேன்."

"நீ எண்ணினது நாங்க மறைஞ்சதைடா. மருமகன் மூஞ்சியைச் செவுத்துல போட்டா நாங்க வேற என்ன பண்ணுவோம்?"

அவன் அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, யாரும் எனக்கு சொல்லலையே"ன்னான். சொல்லியிருந்தால் அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் உண்மையிலேயே அவனுக்குக் கண் கலங்கியது. இனி அவன் ஒருவனால் மாற்ற முடியாதாம். "அவரே 'எனக்குச் சம்மதமில்லை'ன்னு எழுதி அனுப்பினா மறுபடி கூட்டம் போடச் சொல்லிச் சண்டை போடறேம்மா. ஒண்ணும் வரலன்னா இந்தக் கூட்டமே போதும்னு மேல இருக்கறவங்க எடுத்துக்குவாங்க. சம்மதம்னா ஆலிஸ் ஆபீஸ்லயே வந்து கையெழுத்துப் போடலாம்"னு சொன்னான்.

டெல்மாவிடம் போனில் சொல்லலாம் என்று பார்த்தால் அவள் ஒரு வாரமாக எடுப்பதில்லை. அதனால்தான், பேட்டரி, இந்தக் கடிதம். உன் மச்சானிடம் இரண்டு விஷயம் சொல். காதைத் தூக்கிக்கொண்டு கேள்.

முதல் விஷயம், "சம்மதமில்லை" என்று ஒரே வரி எழுதி அனுப்பச் சொல். என் கழிவறையை நினைத்து மனசு இளக வேண்டாம். புதர் இருக்கிறது, பாம்பும் எங்களுக்குப் பழகிவிட்டது, மேவிஸுக்குத்தான் பழகவில்லை. நாற்பது வருஷம் கழித்து நாங்கள் யாரும் இருக்கமாட்டோம், அன்றைக்கு இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வாசலில் நிற்க யாரிடம் கேட்பார்கள்? அவர் அப்பா அந்த நீர்க்குழியில் முள்கம்பி போட வந்த மாட்டுப் பண்ணைக்காரனை வழிமறித்து நின்றவர். அப்பேர்ப்பட்டவர் மகனின் பின்மண்டையை இவர்கள் சம்மதம் என்று எழுதிவைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். 'வேண்டாம்' என்று எழுதினால் இங்கே நாற்காலி வராது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் அந்த ஊரிலேயே வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் உட்கார வேண்டும். உட்காரச் சொல். ரோஷப்பட்டுக்கொண்டு, ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, பாதியில் எழுந்து வரக்கூடாது. உன் அப்பா அப்படித்தான் எழுந்து வந்தார். என் இரண்டு அண்ணன்மாரும் அப்படித்தான் வந்தார்கள். வந்த முதல் நாள் சிரித்துக்கொண்டு கங்காரு வால் தின்றார்கள், அடுத்த வாரம் நாங்கள் சாவு வீட்டு முறைப்படி அவர்கள் வீட்டைப் பெருக்கிப் புகைபோட்டுப் பூட்டினோம். இன்னொரு வீட்டைப் பூட்ட எனக்குத் தெம்பில்லை.

அவர் முகத்தை நான் நேரில் பார்த்ததில்லை. செருப்புச் சத்தம் தெரியும், இருமல் தெரியும். வேட்டைக்குப் போய் வந்தால் கொழுப்புள்ள பாதி வால் யார் கையிலாவது என் அடுப்புக்கு வந்துவிடும், ஒரு தடவைகூட மெலிந்த பாதி வந்ததில்லை. என் வயிற்றில் பிறந்தவர்கள்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் அதிகம். இதை அவரிடம் சொல்லாதே, மரியாதையாக இருக்காது.

டெல்மா, நீ போனை எடு. பேட்டரி, பக்கத்து வீட்டுக் கோழியைத் தொடாதே. உன் அக்காவுக்கு நல்ல தூக்கமும், உனக்கு நல்ல எலும்பும், அவருக்கு நிறைய வருஷங்களும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். மேவிஸும் தன் அன்பைச் சொல்லச் சொல்கிறாள், ஜன்னல் சம்பவத்தை அடித்துவிடவும் சொல்கிறாள், அடிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நுங்கராயி

பின்குறிப்பு: மகனே, உறையை ஒட்ட நாக்கை நீட்டினேன், என் முழங்கையை யாரோ நக்கினார்கள். திரும்பிப் பார்த்தால் நீ. ஆலிஸில் இருக்க வேண்டிய நாய் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று யோசித்து முடிப்பதற்குள் வெளியே பஸ் சத்தமும் டெல்மாவின் அழுகையும் கேட்டன.

"அம்மா, மெஷின் வேணாம்னுட்டாரும்மா. எவ்வளவோ சொன்னேன்..."

நான் பின்கதவு வழியாக ஓடி வந்து சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் அவரைப் படுக்க வைத்திருக்கிறார்கள். இருமலில் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. டெல்மா நர்ஸைக் கூப்பிட கிளினிக்குக் கிளம்பிவிட்டாள். நீ அவர் பக்கத்தில் வாலாட்டுகிற சத்தம் தரையில் தட்டுகிறது. அவர் உன்னிடம் பேசுகிறார், எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உரக்கப் பேசுகிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"மச்சான், உங்கம்மாகிட்ட சொல்லு. அந்தக் குத்தகையில கையெழுத்துப் போட்டுட்டேன். பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஆபீஸுக்குப் போயிட்டுத்தான் வந்தேன்."

"பேட்டரி, ஏன்னு கேளு!"ன்னு நான் கத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் இருமினார்.

"மச்சான், டெல்மாவுக்கும் சிறுநீரகம் பாதி போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவ உங்கம்மாகிட்ட சொல்லல, பயம். கட்டி முடிக்க ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ ஆகட்டும். அவ தாங்குவா. அவளாவது இங்கயே உக்காரட்டும். எங்கப்பா கோவிச்சுக்குவாரு. நான் போய்ப் பேசிக்கறேன்."

பேட்டரி, மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்லாதே. கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே. மெஷினைப் பற்றியும் சொல்லாதே. எனக்கு அழுகையில் எழுத்து தெரியவில்லை.

"மச்சான், தாகமா இருக்கு. மெஷின்ல உக்கார ஆரம்பிச்சதுலேருந்து ரெண்டு வருஷமா டாக்டர் சொன்னபடி மூடியில அளந்துதான் தண்ணி குடிச்சேன். ஒரு குவளை நிறையக் குடிக்கணும்போல இருக்கு. யாராவது இருக்காங்களா பாரு."

டெல்மா இன்னும் வரவில்லை. மேவிஸ் பிள்ளைகளையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான்.

பேட்டரி, தண்ணீர் நான் கொண்டு வருகிறேன். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்.